மஞ்சள் கொடிக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்

கார் பந்தயங்களில் பல வருடம் டிராக் ஓரத்தில் மார்ஷலாக, அதாவது கொடி காட்டி, நின்றுபோன கார்களை அப்புறப்படுத்தும் ஆளாக நின்றவன் நான். இப்போது தண்டனை முடிவு செய்யும் ஸ்டீவர்டுகள் அறையில் உட்காருகிறேன். “யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, எதற்குத் தண்டனை?” என்று ஒவ்வொரு பந்தயத்திலும் யாராவது கேட்டுவிடுவார்கள். லேசான உரசலுக்கு, டிராக் எல்லையைத் தாண்டியதற்கு அப்படிக் கேட்டால் உட்கார்ந்து பேசலாம். முன்னால் ஆபத்து என்று எச்சரிக்கும் மஞ்சள் கொடி விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு கொடி அசைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. இரண்டு கொடிகள் அசைந்தால் நன்றாகவே குறைத்து, நிறுத்தவும் தயாராக வர வேண்டும். டிராக்கில் ஏதோ குறுக்கே கிடக்கிறது, அல்லது மார்ஷல்கள் இறங்கி வேலை செய்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

2014 அக்டோபரில் ஜப்பானின் சுசூகாவில் மழை. விபத்தில் சிக்கிய ஒரு காரை டிராக்டர் அப்புறப்படுத்திக்கொண்டிருந்தது. இரட்டை மஞ்சள் அசைந்துகொண்டிருந்தபோதே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கியின் கார் வழுக்கிப் போய் அந்த டிராக்டரில் மோதியது. 2015 ஜூலையில் அவர் இறந்தார். விசாரணைக் குழு பல காரணங்களைச் சொன்னது. வேகம் போதிய அளவு குறையவில்லை என்பதும் அதில் ஒன்று. எல்லோரையும் ஒரே நேரத்தில் மெதுவாக ஓட்ட வைக்கும் ‘விர்ச்சுவல் சேஃப்டி கார்’ முறை 2015-ல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது அதனால்தான்.

ஒருமுறை இளம் ஓட்டுநர் ஒருவர் எங்கள் முன் வந்து நின்றார். “கொடியைப் பார்த்தேன் சார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன்” என்றார். பொய் சொல்லவில்லை. காரின் பதிவுகளைக் காட்டும் திரையில் ஆக்சிலரேட்டர் கோடு ஒரு இடத்தில் சின்னதாகக் கீழே இறங்கியிருந்தது, எலி கொறித்த மாதிரி. அடுத்த நொடியே மறுபடி உச்சிக்கு ஏறிவிட்டது. அன்று அந்தப் பகுதியை அவர் கடந்ததிலேயே அதுதான் அவருடைய மிக வேகமான நேரம். அதே வளைவில் நான் குனிந்து, நின்றுபோன காருக்குக் கயிறு மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் கார் பறந்தால் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். அதைச் சொன்னதும் அவர் தலை குனிந்துவிட்டது. கிரிட்டில், அதாவது பந்தயம் கிளம்பும் வரிசையில், ஐந்து இடம் பின்னுக்குத் தள்ளினோம். அணி மேலாளருக்குச் சரியான கோபம்.

அபராதத் தொகை இதற்கு உதவாது என்பது என் அனுபவம். பணத்தை அணி கட்டிவிடும், இடம் போனால்தான் ஓட்டுநருக்கு உறைக்கும். ஆளைப் பார்த்தும் தண்டிக்கக் கூடாது. 2021 கத்தாரில், சாம்பியன் பட்டத்துக்குக் கடும் போட்டி நடந்த நேரத்திலும், இரட்டை மஞ்சளுக்கு வேகம் குறைக்காத ஃபார்முலா ஒன் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் ஐந்து இடம் இழந்து ஏழாவதாகக் கிளம்பினார். அப்புறம் தண்டனைப் புள்ளிகள் இருக்கின்றன: 12 மாதத்தில் 12 சேர்ந்தால் ஒரு பந்தயத்தில் ஓட்ட முடியாது. 2024-ல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் மேக்னஸன் அஜர்பைஜானின் பாகு பந்தயத்தை இழந்தது அப்படித்தான்.

ஓட்டுநரோடு ரேடியோவில் பேசும் அணி எஞ்சினியர்களிடம் ஒரு வேண்டுகோள். கிளம்பும் இடத்தை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் இரட்டை மஞ்சள் வந்தால் நேர வித்தியாசத்தைப் பிறகு சொல்லுங்கள். முதலில் “மஞ்சள், இந்த லாப்பை விட்டுடு” என்று சொல்லுங்கள்.