போலீஸ் மைக்கை ஒட்டுக்கேட்டால் அவர்களுக்குத் தெரியுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய சித்தப்பா, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போனில் ஒரு ஆப்பைத் திறந்து, அந்த ஊர் போலீஸ் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதைக் கேட்பாராம். “இங்கே நாமும் அப்படிக் கேட்டால் என்ன தப்பு? அதனால் போலீஸுக்கு உதவியா, தொந்தரவா? ரகசியமாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்களா?” என்று மூன்று கேள்விகள். மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடலாம். போலீஸ் வயர்லெஸ் பெரும்பாலும் வி.எச்.எஃப். என்கிற மிக உயர் அலைவரிசைப் பகுதியில், 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸுக்குள் எங்காவது ஒரு சேனலில் ஓடும். வீட்டு எஃப்.எம். ரேடியோவைப் போலவே, குரலுக்கேற்ப அலைவரிசை கொஞ்சம் ஏறி இறங்கும். கையடக்க வாக்கி டாக்கியின் சக்தி சுமார் 5 வாட். உயரமான இடத்தில் நிற்கும் ரிப்பீட்டர் அதை வாங்கிப் பெருக்கி ஊர் முழுக்க அனுப்பும். அடையாறு ரோந்து வண்டிக்குப் போகிற அதே அலை, வழியில் எல்லா வீட்டு மொட்டை மாடிகளையும் தொட்டுவிட்டுத்தான் போகிறது. பூட்டுப் போடாத அனலாக் பேச்சு என்றால், உரிய செட் உள்ள எவருக்கும் கேட்கும். கம்ப்யூட்டரில் செருகும் டி.வி. ட்யூனர் குச்சியைக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கேட்கும் ரேடியோவாக மாற்றிவிடலாம் என்று 2012-ல் கண்டுகொண்ட பிறகு, அந்த ‘உரிய செட்’டும் சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரமாகிவிட்டது.

ஒலிபரப்புகிறவனைப் பிடிப்பது சுலபம். திசை காட்டும் ஆன்டெனாவோடு இரண்டு மூன்று இடங்களில் நின்று பார்த்தால் போதும், கோடுகள் வெட்டும் இடத்தில் ஆள் இருப்பான். சும்மா கேட்டுக்கொண்டிருப்பவனை எப்படிப் பிடிப்பது? அவன் எதையும் அனுப்பவில்லையே?

அனுப்புகிறான், கொஞ்சூண்டு.

காரணம், 1918-ல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பொறியாளர் செய்த ஒரு வேலை. முதல் உலகப்போரின் கடைசிக் காலம். அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவு அதிகாரியாக அவர் பாரிஸில் இருந்தார். உயர்ந்த அலைவரிசைகளைப் பெருக்க அன்றைய வால்வுகளுக்குத் தெம்பு இல்லை. தவிர, சேனலுக்குச் சேனல் நகர்கிற, அதே சமயம் வேண்டிய சேனலை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கிற கூர்மையான வடிகட்டி செய்வது இன்றைக்கும் தலைவலிதான். ஆம்ஸ்ட்ராங் பிரச்சினையைத் திருப்பிப் போட்டார். வடிகட்டியை ஒரே இடத்தில் ஆணி அடித்துவிட்டு, வரும் சிக்னலை அதனிடம் கொண்டுவந்தார்.

இது எப்படி நடக்கிறது? கச்சேரி தொடங்குமுன் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டிய இரண்டு தந்திகள் ஒரு மயிரிழை விலகியிருந்தால், ‘வ்வோம்… வ்வோம்…’ என்று ஒரு மெதுவான அலை எழும்பும். அதன் வேகம் இரண்டு சுருதிகளுக்கும் உள்ள வித்தியாசம். ரேடியோவும் இதையே செய்கிறது, இன்னும் ஒரு படி மேலே போய். தம்புராவில் இரண்டு ஒலிகள் வெறுமனே கூடுகின்றன. ரேடியோவில் மிக்சர் என்கிற பாகம் இரண்டு அலைகளை ஒன்றோடொன்று பெருக்குகிறது, கணக்கில் வரும் பெருக்கல். பதினோராம் வகுப்பு முக்கோணவியல்தான்: இரண்டு கோசைன்களைப் பெருக்கினால் ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் கிடைக்கும். அப்படி வரும் வித்தியாச அலை காதின் பிரமை அல்ல. கம்பியில் ஓடும் நிஜமான மின் அலை.

160 மெகாஹெர்ட்ஸில் யாரோ பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செட்டுக்குள் இருக்கும் ஆசிலேட்டர், அதாவது தானே ஒரு அலையை உண்டாக்கும் சின்ன மின்சுற்று, 149.3 மெகாஹெர்ட்ஸில் ஆடும். இரண்டையும் மிக்சரில் விட்டால் 10.7 வெளியே வரும், அதே பேச்சைச் சுமந்துகொண்டு. பக்கத்துச் சேனலுக்குப் போக வேண்டுமா? ஆசிலேட்டரை மட்டும் ஒரு சிட்டிகை நகர்த்தினால் போதும், வடிகட்டி 10.7-லேயே உட்கார்ந்திருக்கும். நூறு வருஷம் தாண்டியும், உள்ளே ஒரு அலையை ஆடவிட்டுக் கலக்கும் இந்த யோசனை இல்லாமல் ரேடியோ, டி.வி., செல்போன் பெரும்பாலும் ஓடுவதில்லை.

ஆனால் செட்டுக்குள் ஆடுகிற அந்த ஆசிலேட்டரும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்தான். எவ்வளவு மூடினாலும் அதன் அலையில் ஒரு துளி மிக்சர் வழியாகப் பின்னோக்கி வந்து, கேட்பதற்காக நீட்டிய ஆன்டெனா வழியாகவே வெளியேறும்.

நீங்களே பார்க்கலாம். டயல் திருகும் பழைய எஃப்.எம். ரேடியோ இரண்டு வேண்டும். வீட்டுப் பரணில் இல்லாவிட்டால் ரிச்சி தெருவில் தேடுங்கள். ஒன்றை 105-க்கு அருகே, ஸ்டேஷன் எதுவும் இல்லாமல் ‘உஸ்ஸ்’ என்று இரைகிற இடத்தில் நிறுத்துங்கள். மற்றதை ஒட்டினாற்போல் வைத்து 94.3-ஐச் சுற்றி மெதுவாகத் திருகுங்கள். எஃப்.எம். ரேடியோக்களில் ஆசிலேட்டர் வழக்கமாக ஸ்டேஷனைவிட 10.7 கூடுதலாக ஆடும். 94.3-ஓடு 10.7-ஐக் கூட்டினால் 105. சரியான இடம் வந்ததும் முதல் ரேடியோவின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். பேச்சில்லாத வெறும் அலை ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். இரண்டாவது ரேடியோவை நிறுத்தினால் ‘உஸ்ஸ்’ திரும்பி வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்துப் பாருங்கள், சீக்கிரமே விளையாட்டு முடிந்துவிடும். புது மாதிரி ஒற்றைச் சிப் ரேடியோக்களில் இது வேலை செய்யாது, அவற்றின் கணக்கு வேறு.

விமானத்தில் எஃப்.எம். ரேடியோவுக்கு அமெரிக்கா 1961-லேயே தடை போட்டதற்கும் இதுதான் காரணம். ரேடியோ மிர்ச்சி கேட்க 98.3 வைத்தால் ஆசிலேட்டர் 109-ல் ஆடும். 108 முதல் 118 வரை விமானங்கள் வழியறியும் அலைவரிசைகள். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானத்துக்குள் அந்தப் பகுதியில் இன்னொரு அலை கிளம்புவதை எந்த விமானியும் விரும்ப மாட்டார்.

இந்தக் கசிவை ஆயுதமாக்கியது பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5. 1950-களின் பிற்பகுதியில், லண்டன் சோவியத் தூதரகத்தில் எந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை, கேட்கும் செட்டின் ஆசிலேட்டரை வைத்தே கண்டுபிடித்தார்கள். அந்த உத்திக்கு ராஃப்டர் என்று பெயர்.

அப்படியானால் பெரம்பூர் மாணவரை வேப்பேரி கமிஷனர் அலுவலகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. நல்ல செட்டில் இந்தக் கசிவு நானோவாட் கணக்கு. 5 வாட் வாக்கி டாக்கியைவிட 1 நானோவாட் 500 கோடி மடங்கு குறைவு. லட்சக்கணக்கான போன்களும் எல்.இ.டி. பல்புகளும் இரைகிற நகரத்தில் அது இருக்கும் இடமே தெரியாது. இவ்வளவு மெல்லிய கசிவை அளக்க, வெளி ரேடியோ அலைகள் நுழையாத தனி அறை வேண்டும். தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ‘சமீர்’ மின்காந்தவியல் மையம் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. மின்னணுப் பொருள் எவ்வளவு கசிகிறது என்று சோதித்துச் சொல்லும் மத்திய அரசு நிறுவனம் அது. சென்னையில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவையாவது அங்கே கூட்டிப்போக அரசு பணம் ஒதுக்கலாம். அதைச் செய்யாததால்தான் ‘கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர்’ வாங்கிப் போனுக்குப் பின்னால் ஒட்டுகிறோம். அந்த ஸ்டிக்கர் சொன்னபடி தடுத்தால் போனுக்கு டவரே கிடைக்காது என்று யாரும் யோசிப்பதில்லை.

கேட்பவனைப் பிடிக்க முடியாது என்பதால் சட்டங்கள் கருவியின் மேல் பாய்ந்தன. நம் நாட்டில் 1933-ம் வருஷ வயர்லெஸ் தந்திச் சட்டம் உரிமம் இல்லாமல் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பாட்டு கேட்கும் ரேடியோவுக்குக்கூட போஸ்ட் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. இப்போது 2023-ம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் தகவலை இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்காவின் 1986 சட்டமோ, பூட்டுப் போடாத போலீஸ் பேச்சைப் பொதுமக்கள் கேட்பது குற்றமில்லை என்கிறது. ஆகவே, தம்பி, சித்தப்பா கேட்கலாம், நீங்கள் கூடாது.

உதவியா, தொந்தரவா? 1928-ல் டெட்ராய்ட் போலீஸ் ரோந்து கார்களுக்கு வானொலியில் செய்தி சொல்லத் தொடங்கியபோதே இந்தக் கேள்வி பிறந்துவிட்டது. காரில் இருப்பவர் கேட்கலாம், பதில் பேச முடியாது. ஊர் மொத்தமும் கூடவே கேட்கும். திருடர்களும் கேட்டார்கள். 1930-களில் சில மாநிலங்கள் போலீஸ் அலைவரிசை பிடிக்கும் ரேடியோவைக் காரில் வைக்கத் தடை போட்டன.

கெடுதலுக்கு ஆதாரம் தேட நாம் அமெரிக்கா போகவேண்டியதில்லை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலின்போது, பாகிஸ்தானில் உட்கார்ந்திருந்தவர்கள் டி.வி. நேரலையைப் பார்த்து, கமாண்டோக்கள் எங்கே என்று போனில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் இதற்காகச் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புத் தேடுதலில், போலீஸ் ரேடியோவில் கேட்ட அரைகுறைச் சொற்களை வைத்து, சம்பந்தமே இல்லாதவர்களின் பெயரை இணையத்தில் பரப்பினார்கள். எங்கள் நகர்வுகளை வெளியிடாதீர்கள் என்று போலீஸே கெஞ்சவேண்டி வந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. 2020-ல் நியூயார்க் போராட்டங்களின்போது, ‘அவர்கள் மேல் வண்டியை ஏற்று’ என்கிற குரல் போலீஸ் ரேடியோவில் ஒலித்தது. வெளியே யாரோ கேட்டுப் பதிவு செய்ததால்தான் அது நமக்குத் தெரியும். அதே நியூயார்க் போலீஸ் 2023 முதல் ரேடியோவைக் குறியாக்கத்துக்கு மாற்றத் தொடங்கியது.

குறியாக்கம் என்றால் பேச்சை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சில டஜன் பிட்டுகளாகச் சுருக்கி, ரகசிய எண் வரிசையோடு கலப்பது. சாவி இல்லாதவருக்கு வெறும் இரைச்சல். கேட்பவனைத் தேடும் கஷ்டமே இல்லை. ஆனால் ஆள் தப்பு செய்வார். மேட் பிளேஸ் தலைமையிலான பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மத்தியப் புலனாய்வு ஆட்கள் குறியாக்கம் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டு, நாள்தோறும் திறந்த பேச்சில் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். செட்டில் அந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே பலருக்குத் தெரியவில்லை. சென்னையில் இதற்கு ஆய்வே தேவையில்லை. டீக்கடை வாசலில் பைக்கை நிறுத்தும் ரோந்துக் காவலரின் இடுப்பில் வாக்கி டாக்கி முழு சத்தத்தில் அலறும். வடை தின்கிற எல்லோருக்கும் எந்தத் தெருவில் தகராறு என்று தெரியும். சங்கேதத்துக்கு எத்தனை கோடி செலவழித்தாலும் ஒரு இயர்போன் வாங்கித் தராவிட்டால் வீண்.

என் கருத்து இது. உயிருக்கு ஆபத்து வருவது ‘இப்போது’ கேட்பதால். போலீஸுக்குப் பொறுப்பு வருவது ‘பிறகாவது’ கேட்க முடிவதால். இரண்டையும் பிரிப்பது கஷ்டமே இல்லை. சிகாகோ 2022-ல் குறியாக்கத்துக்கு மாறத் தொடங்கியபோது, 30 நிமிடம் தாமதித்துப் பொதுவில் கேட்க விட்டார்கள். சம்பவ இடத்துக்கு ஓட முடியவில்லை என்று பத்திரிகையாளர்கள் புலம்புகிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. நமக்கு 30 நிமிடம்கூட வேண்டாம், வருஷக்கணக்கில் தாமதமானாலும் பரவாயில்லை. 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பெருகியபோது கோட்டூர்புரத்திலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் எந்த நேரத்தில் படகு கேட்டார்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கிறார் என்று வையுங்கள். அந்தச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவு, விசாரணைக்கு இடையூறு என்றால் மறுக்கலாம் என்கிறது. வெள்ளத்தில் எந்த விசாரணை கெடும்? பதிவு இருந்தால் கொடுக்க வேண்டும். இனி வரும் மழைக்காலங்களின் மைக் பேச்சையாவது அழிக்காமல் வைக்க ஒரு உத்தரவு போட வேண்டும்.