கொல்லையில் ஈ மொய்ப்பது ஏன்?

கொல்லையில் ஈ மொய்த்தால் மருந்து தெளிக்கத்தான் முதலில் கை போகும். தெளித்த அன்று ஈ குறையும், அடுத்த வாரம் பழையபடி மொய்க்கும். பறக்கிற ஈதான் நம் கண்ணில் படுகிறது. அடுத்த தலைமுறை குப்பைக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு, வீட்டு ஈ மருந்துகளுக்குச் சீக்கிரம் பழகிவிடும். டி.டி.டி.க்கு அது 1940-களிலேயே அசையாமல் நின்றது.

ஒரு பெண் ஈ வாழ்நாளில் சுமார் 500 முட்டை இடும். சாணம், கோழி எச்சம், பழத்தோல், குப்பைவாளியின் அடியில் தேங்கிய சாறு என்று ஈரமாக அழுகும் எதுவும் அதற்குப் போதும். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும். புழு சில நாள் தின்று கொழுத்ததும் ஈரத்தை விட்டு நகர்ந்து, குவியலின் ஓரத்தில் காய்ந்த மண்ணுக்குள் தன் தோலையே கூடாக இறுக்கிக்கொள்ளும். வாளியை நகர்த்திப் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் மணிமணியாகக் கிடப்பவை அந்தக் கூடுகள்தான். முட்டையிலிருந்து ஈ வரை, வெயில் காலத்தில் எல்லாம் பத்து நாளுக்குள் முடிந்துவிடும்.

சரி, மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடினால் போதாதா? போதாது. புது ஈயின் நெற்றியில் ஒரு பை உண்டு. உடல் திரவத்தைச் செலுத்தி அதை உப்பவைத்துத்தான் ஈ கூட்டின் மூடியைத் திறக்கிறது. அப்புறம் அதே பையை உப்பவைத்தும் சுருக்கியும் மண்ணை விலக்கி மேலே ஏறிவிடுகிறது. வெளியே வந்ததும் பை தலைக்குள் போய்விடும். வேலை அதோடு முடிந்தது.

ஆகவே புழுப் பருவத்திலேயே மடக்க வேண்டும். புழுவுக்கு ஈரம் இல்லாமல் வாழ முடியாது. சாணத்தைக் குவித்து வைக்காமல் மெல்லிசாகப் பரப்பினால் வெயிலே காயவைத்துவிடும். எருக்குழியில் சமையல் கழிவு போட்டால் மேலே காய்ந்த சருகை நன்றாகப் போர்த்துங்கள். மட்கும் குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். புழு அந்தச் சூட்டுக்குத் தப்பி ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு தடவை ஓரத்தை நடுவே தள்ளிக் கிளறினால் அதுவும் வெந்துவிடும். குப்பைவாளியைக் காலி செய்தால் மட்டும் போதாது, அடியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். கோழி இருந்தால் குவியலைக் கிளற விடுங்கள், புழுவை அது விடாது.

பக்கத்துத் தொழுவத்து ஈயும் பறந்து வரும். அதைத் தடுக்க முடியாது. கொல்லையில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு மேசை விசிறி வையுங்கள். வேகமான காற்றில் ஈயால் நிதானமாக வந்து உட்கார முடியாது.