விளக்கு எரிந்தால் மட்டும் போதாது: மலை ஓட்டல்களில் தானே கழுவிக்கொள்ளும் சிம்னி

ஓட்டல் அடுப்பு வரிசைக்கு மேலே தொங்கும் எஃகுக் கூண்டைச் சிம்னி என்கிறோம். அதில் ஒரு வகை, இரவு சமையல் முடிந்து பொத்தானை அழுத்தினால் தன் உட்புறத்தை வெந்நீரால் தானே கழுவிக்கொள்ளும். தினமும் தகடுகளைக் கழற்றி ஊறவைத்துத் தேய்க்கும் வேலை மிச்சம். ஒழுங்காகப் பராமரித்தால் பல வருடம் உழைக்கும். ஆனால் வயதான பிறகு இது கெடுகிற விதம்தான் கவலைக்குரியது. 'வாஷ்' விளக்கு எரியும், தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்கும், உள்ளே பிசுக்கு மட்டும் அப்படியே இருக்கும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் போன்ற குளிரூர்களில் இந்த நிலை இன்னும் எளிதாக வந்துவிடும்.

தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் எழும் புகையில் எண்ணெய் நுண்துளிகளாக மிதக்கிறது. பிளோயர், அதாவது புகையை வெளியே தள்ளும் விசிறி, இழுக்கும் காற்று, கூண்டின் ஒடுங்கிய வாய்க்குள் வேகமெடுத்து நுழைகிறது. உள்ளே எதிரெதிராக வளைத்துப் பொருத்திய தகடுகள் அதைச் சட்டென்று திருப்புகின்றன. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சாய்கிறோமே, அதே நிலைமம்தான் இங்கும் வேலை செய்கிறது. காற்று வளைந்து போய்விடும். கனமான எண்ணெய்த் துளி வளைய முடியாமல் தகட்டில் மோதி ஒட்டும், வழிந்து அடியில் உள்ள வாய்க்காலில் சேரும். சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகள் இப்படி நன்றாகப் பிடிபடும். மிகச் சிறியவையும், ஆவியாகவே இருக்கும் கொழுப்பும் பெரும்பாலும் தப்பி, புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான டக்ட்டுக்குள் போய்விடும்.

கழுவும் சுற்று தொடங்க வேண்டுமானால் முதலில் பிளோயர் நிற்க வேண்டும், காற்று வழியின் தடுப்புத் தகடு மூட வேண்டும். பிறகு மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு தண்ணீரைத் திறந்துவிடும். சிறிய பம்பு ஒன்று சோப்புக் கரைசலை வெந்நீரில் கலந்துவிடும். வரிசையாக உள்ள நாசில்கள் (பீய்ச்சு முனைகள்) அதைத் தகடுகளின் மேல் மூன்று முதல் ஐந்து நிமிடம் பீய்ச்சும்.

இதை அன்றன்றே செய்வதற்கு வேதியியலில் காரணம் இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்புகளின் மூலக்கூறுகள், சூட்டிலும் காற்றிலும் ஆக்சிஜனைப் பிடித்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. புதுப் பிசுக்கு திரவம். சில நாள் விட்டால் கோந்து, சில வாரம் விட்டால் வார்னிஷ். பழைய வடைச்சட்டியின் வெளிப்பக்கம் எந்தச் சோப்புக்கும் அசையாமல் ஒரு பழுப்புப் பூச்சு இருக்குமே, அது இந்தப் பொருள்தான். நான்கு நிமிட வெந்நீர் திரவத்தைக் கழுவும், வார்னிஷை ஒன்றும் செய்யாது. ஆகவே ஒரு வாரம் வால்வு பழுதாகிக் கிடந்தால், பழுது நீக்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. கையால் சுரண்டி, வெறும் எஃகு தெரியும்வரை சுத்தம் செய்து கொடுத்த பிறகுதான் இயந்திரம் மறுபடி தன் வேலையைச் செய்ய முடியும்.

மலையில் இதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறையும், நெய் சுமார் 30 டிகிரியில். ஆட்டுக்கொழுப்பு உருக 40 டிகிரிக்கு மேல் வேண்டும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுகிறது. இரவு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்று கழுவும் சுற்றைக் காலை ஆறு மணிக்குத் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடலாம். நூறு கிலோ எஃகு 8 டிகிரியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 53 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2,250 கிலோஜூல் வேண்டும். வெந்நீர் தன் சூட்டில் 20 டிகிரியை இழந்து இதைக் கொடுத்தால், 27 லிட்டர் தண்ணீர் இரும்பைச் சூடாக்கவே போய்விடும். நாசில்களில் நிமிடத்துக்கு 25 லிட்டர் வருகிறது என்றால், நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வீண். அடுப்பை அணைத்துக் கூண்டு இன்னும் சூடாக இருக்கும்போதே கழுவுவது, மலையூர் ஓட்டலுக்குச் செலவே இல்லாத முதல் வைத்தியம்.

இரண்டாவது, குழாய். பாய்லர் பின்கட்டிலும் சிம்னி முன்கட்டிலும் இருந்து, நடுவில் குழாய் வெட்டவெளியில் போனால், பாய்லரில் 65 டிகிரி காட்டினாலும் நாசிலுக்கு வருவது வெதுவெதுப்பான நீராக இருக்கலாம். பாய்லரின் அளவுமானியை நம்பாமல், கூண்டின் நுழைவுக் குழாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 60 டிகிரிக்குக் குறைந்தால் குழாய்க்குக் காப்புறை போடுங்கள். அதன் பிறகும் போதாவிட்டால் மட்டும் பாய்லரில் கை வைக்கலாம்.

அழுத்தமும் அப்படித்தான். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிடைப்பது ஒரு பார் அழுத்தம். இந்த நாசில்களுக்குச் சுமார் மூன்று பார் தேவை. மாடித் தொட்டியை நம்பிய கூண்டில் தண்ணீர் பாயாது, ஒழுகும். பூஸ்டர் பம்பு இருந்தும் பாய்ச்சல் குறைந்தால் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் செம்மண் கலங்கி வரும் ஊர்களில் வலையில் மண் அப்பிக்கொள்வது வழக்கம். நாசில் அடைப்புக்குக் காரணம் உப்புக் கறை என்றால் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தாலே கரையும். கம்பியால் குத்துவது பெரிய தவறு. துளையின் விட்டம் பத்து சதவீதம் பெரிதானால் பரப்பு 21 சதவீதம் கூடும். முதல் நாசில்கள் தண்ணீரை அள்ளிக்கொள்ள, கடைசி நாசிலுக்கு அழுத்தம் எட்டாது. விசிறிபோல் விரிய வேண்டிய தாரையும் கோணலாகும். தேய்ந்த நாசிலை மாற்றும்போது மொத்த வரிசையையும் ஒரே அளவில் மாற்றிவிடுவதே நல்லது.

சோப்புக் கரைசல் காரத்தன்மை உள்ளது. அது கொழுப்பின் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றித் தண்ணீரோடு அனுப்புகிறது. அணை நீரில் பொதுவாகக் கடினத்தன்மை குறைவு. சீசனில் தண்ணீர் பற்றாமல் உப்புப் போர்வெல் நீரை லாரியில் வாங்கினால், அதிலுள்ள கால்சியம் அந்தச் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகத் தகட்டில் படியும். அதைப் பார்த்துவிட்டுக் குளோரின் பிளீச்சை ஊற்றுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம். குளோரைடு அதைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும்.

உயரமும் ஒரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. சுமார் 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி, அதே வெப்பநிலையில், கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் 250 பாஸ்கல் காட்டும் அழுத்தமானி, அதே பிளோயர், அதே வேகம், அதே டக்ட்டில் இங்கே சுமார் 190தான் காட்டும். சமவெளியிலிருந்து வரும் மெக்கானிக் இதைப் பார்த்துவிட்டுப் பிளோயர் பலவீனம் என்று பெல்ட்டை மாற்றி வேகத்தைக் கூட்டக்கூடும். உண்மையில் கன அளவில் அதே காற்றுதான் போகிறது. எண்ணெய்த் துளி பிரிவதும் குறைவதில்லை. துளியைக் காற்றோடு இழுத்துச் செல்வது காற்றின் பாகுத்தன்மை, அது அழுத்தத்தைப் பொறுத்து அநேகமாக மாறாது. மோட்டார் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பொதுவாக மோட்டார்களின் திறன் 1,000 மீட்டர் உயரம் வரைக்குத்தான் குறிக்கப்படுகிறது. அதற்கு மேல் மெல்லிய காற்று அதைச் சரியாகக் குளிர்விக்காது.

மின்பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. கழுவும் சுற்றை நேரப்படி நடத்தும் பழைய சுழல் டைமர் கிடைக்காவிட்டால் சாதாரண டைமர் ரிலேக்களால் மாற்றலாம். பிளோயர் ஓடும்போது தண்ணீர் திறக்காதபடி இருந்த இணைப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. மின்வெட்டில் பாதியில் நின்ற சுற்றை, மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து ஓட்டுங்கள். காய்ந்த காரச் சோப்பு எஃகுக்கு நல்லதல்ல.

இந்த இயந்திரத்தைப் பற்றி நான் அதிகம் பார்க்கும் தவறான நம்பிக்கை, அது எல்லாவற்றையும் கழுவுகிறது என்பது. நாசில்கள் நனைப்பது கூண்டின் உள்ளறையை மட்டும். தப்பிப்போன நுண்துளிகளும் ஆவியும் டக்ட்டிலும் பிளோயர் இறக்கைகளிலும் படிந்துகொண்டே இருக்கும், குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டிய டக்ட்டில் இன்னும் அதிகமாக. அடுப்பில் எண்ணெய் தீப்பிடித்தால் சுடர் ஏறும் வழி இதுதான். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் 96-ஆம் விதித்தொகுப்புப்படி விறகு, கரி அடுப்புகளின் புகைவழியை மாதம் ஒருமுறையும், பெருமளவில் சமைக்கும் இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் திறந்து சோதிக்க வேண்டும். கேம்ப் ஃபயர், பார்பிக்யூ என்று கரி போடும் மலை விடுதிகள் இதில் மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டிய வகையில் வருபவை. ஏப்ரல், மே சீசனுக்கு முன் பிப்ரவரியிலேயே டக்ட்டைத் திறந்துவிட்டால் கூட்டத்தின் நடுவே அடுப்பை நிறுத்த வேண்டியிராது.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சூடான சோப்பு நீரில் கொழுப்பு நுண்மையாகப் பிரிந்து கலந்திருப்பதால், அது கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரிக்கும் கொழுப்புத் தொட்டியில் மிதக்காமல் கடந்துபோய், அப்பால் குளிர்ந்த குழாயில் உறைகிறது. தொட்டி பெரிதாக இருந்து நீர் அதிலேயே ஆறினால்தான் கொழுப்பு மேலே பிரியும். ஊட்டி ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் வழியே சேரும் கழிவைப் பார்த்தவர்கள் இந்தத் தொட்டிச் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

எவ்வளவு பழையதானால் கூண்டையே மாற்றுவது? வால்வு, நாசில், பம்பு, டைமர் எல்லாம் மாற்றத்தக்கவை, அவற்றுக்காகக் கூண்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்ளே பளிச்சென்ற விளக்கை வைத்து, சமையலறை விளக்குகளை அணைத்து, வெளியிலிருந்து வெல்டிங் இணைப்புகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு இடத்தில் வெளிச்சம் கசிந்தால், நல்ல வெல்டரைக் கொண்டு இடைவெளியில்லாமல் அடைக்கலாம். சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டாம், அது விட்டுப்போனால் எண்ணெய் அதன் வழியே கூரைக்குள் இறங்கும். தகடு மெலிந்து வெல்டிங் முனை பட்டதும் ஓட்டை பெரிதாகிறது என்றால், அந்தக் கூண்டைக் கழற்றிவிட வேண்டியதுதான்.