பழைய சுபாரு வாங்கப் போகிறீர்களா? முதலில் டயரைப் பாருங்கள்

டொராண்டோவில் முதல் பனி விழுந்ததும் பழைய சுபாரு தேடுகிறவர்கள் கூட்டம் கிளம்பிவிடும். ஃபாரஸ்டர், அவுட்பேக் இரண்டிலும் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும், சாமான் ஏற்ற இடம் தாராளம், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி என்றால் விலையும் கைக்கு எட்டும். பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்கிறார்கள், கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், சீட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டயரை ஒரு உதை உதைப்பதோடு சரி. ஆல்-வீல்-டிரைவ் காரில் கியர்பாக்ஸ் எப்படி வாழ்ந்திருக்கிறது என்பதை அந்த டயர்தான் சொல்லும்.

ஏன் என்று பார்க்கலாம். கார் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன, அதாவது முன்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சுற்றியாக வேண்டும். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற காரில் இது பிரச்சினையே இல்லை, மற்ற இரண்டும் சும்மா உருண்டு வருகின்றன. நான்கையும் ஒரே என்ஜின் சுழற்றும்போதோ முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் விட்டுக்கொடுக்க ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் நனைந்த சேலையை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துப் பிழிகிற மாதிரி, நடுத்தண்டு முறுக்கிக்கொள்ளும். பனியிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த முறுக்கு தானாகத் தீர்ந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் தீராது.

விட்டுக்கொடுக்கிற அந்த வேலையைச் சுபாரு பெரும்பாலும் இரண்டு விதமாகச் செய்கிறது. மேனுவல் கியர் வண்டிகளில் நடுவே, இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதியான ஒரு டிஃபரன்ஷியல், அதோடு ஒட்டியபடி சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய ஒரு டப்பா. டப்பாவுக்குள் மெல்லிய தட்டுகள் மாறி மாறி அடுக்கியிருக்கும், ஒன்றுவிட்டு ஒன்று முன்பக்கத்தோடும் பின்பக்கத்தோடும் சேர்ந்து சுழலும். வேக வித்தியாசம் சின்னதாக இருந்தால் எண்ணெய் வழிவிடும். ஒரு பக்கம் பனியில் சிக்கிச் சர்ரென்று சுழல ஆரம்பித்தால் எண்ணெய் சூடாகி, விரிந்து, அழுத்தம் ஏறி இரு பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கும். கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை, அழகான ஏற்பாடு. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸின் வால்பகுதியில் ஒரு கிளட்ச் அடுக்கு இருக்கிறது, பின்சக்கரத்துக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் எண்ணெய் அழுத்தத்தால் கூட்டிக் குறைக்கிறது.

இப்போது டயருக்கு வருவோம். நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது ஆறு மில்லிமீட்டர் சொச்சத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாரு சொல்லும் கணக்கு. ரப்பரின் தேய்மானத்தில் பார்த்தால் வெறும் ஒரு மில்லிமீட்டர்! 225/60 R17 டயர் ஒன்றின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். முன்பக்கம் இரண்டும் பின்பக்கத்தைவிட நான்கு மில்லிமீட்டர் அதிகம் தேய்ந்திருந்தால், நேர்ச்சாலையில் போகும்போதே கிலோமீட்டருக்கு ஐந்து சுற்று கூடுதலாகச் சுற்றும். நடுத்தண்டு சக்கரத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால், அங்கே அது கிலோமீட்டருக்கு இருபது சுற்று வித்தியாசம். ஒரு தடவை ஒட்டாவா போய் வந்தால் எத்தனை ஆயிரம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வளைவில் சில விநாடி வழிவிடுவதற்காகச் செய்த சாதனம், இப்படியான வண்டியில் மணிக்கணக்காக உரசிக்கொண்டே இருக்கும். சிலிக்கோன் எண்ணெய் கெட்டுப்போய் நிரந்தரமாக இறுகிவிடும், கிளட்ச் தட்டுகள் கருகும்.

ஆகவே சில டாலருக்குக் கிடைக்கும், டயரின் வரிப்பள்ளத்தை அளக்கும் ஆழமானியைக் கையோடு எடுத்துப்போய் நான்கு டயரையும் அளந்து பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி மொட்டையாக இருக்கிற கார், இரண்டு மட்டும் பளபளவென்று புதிதாகப் போட்ட காரைவிட மேல். மொட்டைக்கு விலையில் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு காலியான பார்க்கிங் இடத்துக்கு ஓட்டிப்போங்கள். கால் மணி நேரமாவது ஓடி கியர்பாக்ஸ் சூடாகியிருக்க வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். யாரோ பிரேக் பிடிக்கிற மாதிரி வண்டி இழுத்து, குதித்துக் குதித்துப் போனால் நடுப்பகுதி இறுகிவிட்டது என்று அர்த்தம். சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக், வருவதற்கு முந்திய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பலவற்றில் பானெட்டுக்குள் எஃப்டபிள்யூடி (முன்சக்கர இழுப்பு) என்று எழுதிய காலி ஃபியூஸ் இடம் இருக்கும். அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின்சக்கர இழுப்பு நின்றுவிடும். செருகியும் குதிப்பு நிற்கவில்லையா, கிளட்ச்சோ அதைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சொலினாய்டோ போய்விட்டது.

என்ஜினில் பெயர்பெற்ற நோய் ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு. சுபாருவின் என்ஜின் படுத்திருக்கும், சிலிண்டர்கள் இடமும் வலமும் நீட்டிக்கொண்டிருக்கும். எடை தாழ்வாக இருப்பது நல்லதுதான், ஆனால் கேஸ்கட் செங்குத்தாக நிற்பதால் ஆயிலும், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டும் அதன் கீழ்விளிம்பிலேயே வந்து தேங்குகின்றன. ஏறக்குறைய 2000 முதல் 2010 வரை வந்த 2.5 லிட்டர் ஈஜே25 என்ஜின்களில் கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். காரின் அடியில் டார்ச் அடித்து, பிளாக்கும் ஹெட்டும் சேரும் கோட்டைப் பாருங்கள். ஈரமாக, அழுக்குப் பிடித்து இருந்தால் சந்தேகப்படலாம். அதற்கும் முந்திய, 1990களின் கடைசி வருட டபுள்-கேம் 2.5 இன்னும் மோசம், வெளியே எதுவும் தெரியாது, எரிந்த வாயு உள்ளேயே கூலண்டுக்குள் புகுந்து நெடுஞ்சாலையில் திடீரென்று சூடு ஏற்றும். கூலண்ட் தொட்டியில் குமிழி வருகிறதா பாருங்கள். மெக்கானிக்கிடம் நீலத் திரவம் ஒன்று இருக்கும், தொட்டிக் காற்றில் எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாகிவிடும். ஏற்கெனவே பல அடுக்கு எஃகு கேஸ்கட் போட்டு ரிப்பேர் செய்த ரசீது இருந்தால், அந்தக் காருக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். இந்த என்ஜின்களின் டைமிங் பெல்ட்டை 105,000 மைலுக்குள் மாற்றியாக வேண்டும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ஃபாரஸ்டரில் 2011 முதல் வந்த எஃப்பி என்ஜினில் பெல்ட் கிடையாது, செயின். கேஸ்கட் தொல்லையும் குறைந்தது. ஆனால் 2011 முதல் 2014 வரையான வண்டிகள் சில ஆயில் குடித்தன, அமெரிக்காவில் வழக்குவரை போய்ச் சமரசமானது. ஆயில் அளவை நீங்களே இழுத்துப் பாருங்கள். 2010இல் அவுட்பேக்கிலும் 2014இல் ஃபாரஸ்டரிலும் வந்த சிவிடி தனிக்கதை. சிவப்பு விளக்கில் நிற்கப்போகும்போது என்ஜின் திணறி அணைந்தால், என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரையோ, கியர்பாக்ஸ் எண்ணெயை வழிநடத்தும் வால்வ் பாடியையோ சந்தேகியுங்கள். செக் என்ஜின் விளக்கு எரிந்தாலே சுபாருவில் டிராக்ஷன், குரூஸ் விளக்குகளும் சேர்ந்து திருவிழா நடத்தும், விற்கிறவர் பெட்ரோல் மூடி சரியாக இறுகவில்லை என்பார். உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்களைப் படிக்கும் கோடு ரீடர் போட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம். பழைய கோடுகளைச் சமீபத்தில் அழித்திருந்தாலும் அதில் தெரியும்.

ஒன்டாரியோ வண்டி என்றால் சாலை உப்பும் உண்டு. பின்சக்கர வளைவு, பின்பக்க அடிச்சட்டமான சப்ஃபிரேம், பிரேக் குழாய் மூன்றையும் லிஃப்டில் ஏற்றித்தான் சரியாகப் பார்க்க முடியும். சேஃப்டி சர்டிஃபிகேட் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், பிரேக், ஸ்டீயரிங், டயர் ஓட்டப் பாதுகாப்பானதா என்பதைத்தான் அது பார்க்கிறது, ஹெட் கேஸ்கட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை. என் கையில் காசு இருந்தால் 2015க்குப் பிந்திய ஃபாரஸ்டர், சிவிடி ஆயில் மாற்றிய ரசீதோடு. காசு குறைவு என்றால் கேஸ்கட் மாற்றிய பழைய மேனுவல். எதுவானாலும் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போய் இறங்கியதும் பானெட் மேல் கை வையுங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் ஏன் முன்கூட்டியே சூடாக்கினார் என்று கேளுங்கள்.