கீமோ நடக்கும்போது இதயம் தாளம் தப்பினால்

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மதுரையில் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. இசிஜியில் துடிப்பு சீராக இல்லை என்று, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே பலவீனமான உடம்பு. ரத்தம் தண்ணியாகிவிடாதா?"

ஆகாது. ரத்தத்தின் அடர்த்தியை அந்த மாத்திரை தொடுவதே இல்லை.

அம்மாவுக்கு இருப்பது அநேகமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதுதான் அது. இடது மேலறையோடு ஒட்டிய சின்னப் பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். புற்றுநோய் இருந்தால் ரத்தம் இன்னும் எளிதில் உறையும். உறைதலைத் தொடக்கிவைக்கும் 'திசுக் காரணி' என்ற புரதத்தைப் பல புற்றணுக்கள் சுமந்து திரிகின்றன. புற்றுநோய்க்கும் ரத்த உறைவுக்கும் உள்ள உறவை பாரிஸ் மருத்துவர் ட்ரூஸோ 1865-லேயே சொல்லிவிட்டார்.

சரி, மருந்து என்ன செய்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களுக்கு உறைதல் காரணிகள் என்று பெயர், எண் போட்டு அழைப்பார்கள். அவற்றில் 2, 7, 9, 10 நான்கையும் கல்லீரல் முதலில் அரைகுறையாகத்தான் செய்கிறது. அவற்றின் ஒரு முனையிலுள்ள குளூட்டமிக் அமிலங்களில் இன்னொரு கார்பாக்சில் தொகுதியை ஒட்டவைக்க வைட்டமின் கே வேண்டும். ஒட்டியதும் எதிர்மின் முனை இரண்டாகி, இடுக்கி போலக் கால்சியம் அயனியைக் கவ்வுகிறது. அந்தக் கால்சியத்தின் துணையோடுதான் காயத்தில் திரண்டு அடைக்கும் தட்டணுவின் மேற்பரப்பில் புரதம் ஒட்டும். ரத்தத்தில் சும்மா மிதந்துபோனது, காயத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறது. ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், அவ்வளவுதான் வித்தியாசம்! வேலை முடிந்த வைட்டமினை உடம்பு புதுப்பித்து மறுபடி பயன்படுத்தும். உறைவைத் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின் தடுப்பது அந்தப் புதுப்பித்தலை. புரதம் உண்டாகும், பிடிமானம்தான் இருக்காது. 1948-ல் இது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது என்பது தனிக்கதை.

முருங்கைக்கீரையில் வைட்டமின் கே ஏராளம், அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே விலக்க வேண்டாம். அளவு ஏறி இறங்காமல் இருந்தால் போதும். ஆனால் கீமோவில் வாந்தியும் பட்டினியுமாக இருப்பவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? அதனால் பலருக்கு இப்போது அபிக்சபான் போன்ற மருந்துகள். இவை 10-ஆம் காரணியை நேரடியாக அடைப்பதால் கீரைக் கவலை இல்லை. ஆனாலும் சில பூஞ்சைத் தொற்று மாத்திரைகள் ரத்தத்தில் இவற்றின் அளவை ஏற்றிவிடும். ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான்.

பக்கவாத ஆபத்தைக் கணக்கிட டாக்டர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் முறையில் வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் உண்டு, புற்றுநோய் இல்லை. பெரிய மருந்துப் பரிசோதனைகளில் புற்றுநோயாளிகளைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு வரும் என்பது ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை என்பது என் புகார்.

அப்புறம், அம்மாவுக்கு மலம் கறுப்பாகப் போனாலோ ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கீமோவில் தட்டணு எண்ணிக்கை குறைந்தால் அளவை மாற்றுவதா, நிறுத்துவதா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.