கீக்: பித்தரா, மேதாவியா, ஆர்வலரா?

‘கீக்’ என்று இன்று யாரைச் சொல்கிறோம்? கணினி, படக்கதை, தொலைநோக்கி, ரயில் எஞ்சின், பழைய நாணயம் என ஏதேனும் ஒன்றில், பிறர் போதும் என்று நிறுத்திக்கொள்ளும் இடத்தில் நிற்காமல், அதன் திருகாணி வரைக்கும் இறங்கிப் பார்ப்பவரைச் சொல்கிறோம். பட்டியலில் உள்ள பொருள்கள் காலத்துக்கு ஏற்ப மாறும். அளவைத் தாண்டிய அந்த ஈடுபாடு மட்டும் மாறாது. காதலுக்கோ கல்யாணத்துக்கோ பொருந்தி வருமா என்று பார்ப்பதற்காக ஒருவரை முதன்முறையாகச் சந்திக்கப் போகிறவர், இந்த ஈடுபாட்டை அங்கே வாய்திறந்து சொல்லலாமா, இல்லை இரண்டாம் மூன்றாம் சந்திப்பு வரை பூட்டி வைக்க வேண்டுமா என்று குழம்புவது இயல்பு. அந்தக் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இச்சொல்லோடு ஒட்டிவந்த பழைய ஏளனமே ஆதலால், சொல்லிலிருந்தே தொடங்குவது நல்லது.

டச்சிலும் தாழ்நில ஜெர்மானியத்திலும் முட்டாள், புத்தி பேதலித்தவன் என்ற பொருளில் வழங்கிய ‘கெக்’ என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு வந்து, வட்டார வழக்கில் ‘கீக்’ ஆயிற்று. 1602இல் லண்டனில் நடிக்கப்பட்டதாகப் பதிவுள்ள ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் இதன் பழைய வடிவம் வருகிறது. வரும் இடமும் நம் பொருளுக்கு அயலானதன்று. ஒலிவியா என்னும் சீமாட்டியின் வீட்டு நிர்வாகியான மால்வோலியோ, அவள் தன்னைக் காதலிப்பதாகப் பிறர் எழுதிப்போட்ட பொய்க் கடிதத்தை நம்பி, அதில் சொல்லியிருந்தபடியே மஞ்சள் காலுறையும் குறுக்குக் கட்டும் அணிந்து, ஓயாத புன்னகையோடு அவள்முன் போய் நிற்கிறான். அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கருதி இருட்டறையில் அடைத்துவிடுகிறார்கள். என்னை ஏன் இப்படி ஒரு ‘கெக்’ ஆக்கினீர்கள் என்று அவன் கடைசியில் கேட்கிறான். பிடித்த பெண்ணின்முன் தன்னைத் தவறான கோலத்தில் காட்டிக்கொண்டவன் என்ற நிழல், ஆக, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இச்சொல்லின்மேல் விழுந்துவிட்டது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஊர் ஊராகக் கூடாரம் போட்ட கேளிக்கைக் கூட்டங்களில், உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துத் துப்பி வேடிக்கை காட்டியவனுக்குக் ‘கீக்’ என்று பெயர். அங்கிருந்து பள்ளி, கல்லூரி மாணவர்களின் வசைச்சொல்லாகி, கணினி வீட்டுக்குள் வந்தபின் அதில் மூழ்கிக் கிடந்தவர்களைக் குறித்து, பின்னர் அவர்களே நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் பட்டமாக மாறிற்று. ‘நெர்டு’ என்ற தம்பிச் சொல் 1950களில் கிளம்பியது. அதில் படிப்பின் வாடை அதிகம், பற்றின் வாடை குறைவு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டாலும் சரியன்று.

வேர்மொழியில் இன்னொரு செய்தி இருக்கிறது. டச்சுக்காரர் இன்றும் ஒரு பொருளின்மேலோ ஆளின்மேலோ தாம் ‘கெக்’ ஆக இருப்பதாகச் சொன்னால், அது தமக்கு அளவுகடந்து பிடிக்கும் என்றே பொருள். பைத்தியம் என்ற சொல்லே பிரியத்தையும் சுமக்கும் இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. ‘அவளுக்கு இசை என்றால் பைத்தியம்’, ‘அவன்மேல் பித்தாக இருக்கிறாள்’ என்று நாமும் சொல்கிறோம். தமிழ்ச் சொல்லைத் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானியரின் ‘ஒதாகு’ வேறு வழியில் வந்தது. ‘உங்கள் இல்லம்’ என்பது அதன் நேர்ப்பொருள். நெருக்கமில்லாதவரை மரியாதையாக விளிக்கும் சொல்லாகவும் அது வழங்கும். ஒத்த வயதுடைய படக்கதை ரசிகர்கள் தங்களுக்குள்ளேயே இப்படி விறைப்பாக விளித்துக்கொண்டதை நகாமோரி அகியோ 1983இல் எழுதிய பத்தியில் கிண்டல் செய்ய, விளிச்சொல்லே அவர்களுக்குப் பெயராயிற்று. கல்லூரி நண்பனைத் ‘தாங்கள்’ என்று அழைப்பவனுக்குத் ‘தாங்கள்’ என்றே பட்டப்பெயர் வைப்பது போன்றது இது. ஈடுபாட்டைவிட, எதிரில் இருப்பவரோடு பழகத் தெரியாமையே இங்கே கேலிக்கு உள்ளானது என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மை நிகழ்ச்சி என்ற பெயரில் 2004இல் நூலாகவும், மறு ஆண்டு திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த ‘தென்ஷா ஒதோகோ’வின் கரு அதுதான். ரயிலில் குடிகாரன் ஒருவனின் தொல்லையிலிருந்து ஒரு பெண்ணைக் காத்த ஒதாகு இளைஞன், அவளோடு எப்படிப் பேசுவது என்று முகம் தெரியாதவர்களிடம் இணையத்தில் யோசனை கேட்கிறான். அவன் கூச்சத்தைக் கடக்கும் கதைக்கு அந்நாட்டில் கிடைத்த வரவேற்பு, ஒதாகு என்றாலே முகம் சுளித்தவர்களையும் சற்றே இளக்கிற்று.

இனி நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். வரன் தேடும் பயோடேட்டாவில் பொழுதுபோக்கு என்ற ஒரு கட்டம் உண்டு; அதில் பெரும்பாலும் புத்தகம் படித்தல், பாட்டு கேட்டல், பயணம் என்று எழுதப்பட்டிருக்கும். யாரும் மறுக்க முடியாத இந்த விடைகளால் யாருக்கும் எதுவும் தெரியவருவதில்லை. இதற்குப் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லும் ஒரு காரணம் என்பேன். போகாத பொழுதைப் போக்குவது வேறு, இருக்கும் பொழுது போதாமல் தூக்கத்தைக் குறைத்துக்கொள்வது வேறு. முன்னதைக் கேட்டால் பின்னது எப்படி விடையாக வரும்? ஆங்கிலத்தின் ‘ஹாபி’யும் பொம்மைக் குதிரையைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே என்றாலும், அந்தக் குதிரையில் ஏறியவன் இறங்க மாட்டான் என்ற குறிப்பு அதில் உண்டு. பயோடேட்டாவில் ‘ஈடுபாடு’ என்று தலைப்பிட்டால் விடைகள் ஓரளவு மாறக்கூடும்.

ஈடுபாட்டைச் சொல்வதிலும் வகை இருக்கிறது. நீலகிரி மலை ரயிலில் மனம் பறிகொடுத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர், குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் போடப்பட்ட பாதை, செங்குத்தான இடத்தில் 12.28 அடிக்கு ஓர் அடி ஏற்றம், எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின், 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அவர் காபி வருவதற்குள் ஒப்பித்துவிடலாம். எல்லாம் சரியான தகவல்களே. ஆனால் எதிரில் இருப்பவர் ‘அப்படியா’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல அதில் இடமில்லை. அவரே வேறு விதமாகவும் தொடங்கலாம். அந்த ரயிலில் மேட்டுப்பாளையத்தில் ஏறுபவர் எஞ்சினை முன்னால் தேடினால் காணமாட்டார். அது பின்னால் நின்று பெட்டிகளை மலைமேல் தள்ளிக்கொண்டு போகும். ஏன் பின்னால் என்று எதிரில் இருப்பவர் கேட்காமல் இருப்பது கடினம். கல்லாறு தாண்டியதும் வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரத்துக்குப் பிடிமானம் போதாமல், நடுவே பதித்த பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுவதையும், அந்தப் பல்வரிசை இரட்டையாக, ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக அமைந்திருப்பதால் எந்த நொடியிலும் ஏதேனும் ஒரு பல் பிடியில் இருப்பதையும், மேசையிலுள்ள காகிதக் கைக்குட்டையில் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டிவிடலாம். ஏற்றத்தில் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் சரிந்து ஓடிவிடாமல் கீழ்ப்பக்கம் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்று முடிப்பதற்குள், எதிரில் இருப்பவர் தம் பள்ளிச் சுற்றுலாவில் அந்த ரயிலைத் தவறவிட்ட கதையைத் தொடங்கியிருப்பார். அப்போது பல்சக்கரத்தை விட்டுவிட்டு அந்தக் கதையைக் கேட்கத் தெரிய வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சில நிமிடங்களே பேசிவிட்டு அடுத்தவரிடம் நகரும் விரைவுச் சந்திப்புகளில் பதிவான உரையாடல்களையும் ஆராய்ந்தது. சொன்னதைப் பற்றிக்கொண்டு மேலும் கேள்வி கேட்டவர்களை மற்றவர்கள் மீண்டும் சந்திக்க விரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது அதன் முடிவு. ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்ததுதானே என்று தோன்றலாம். தெரிந்தும் செய்யாததால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருதலைக் காமமாகிய கைக்கிளையைத் தொல்காப்பியம் வரையறுக்கும்போது, ‘சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’ என்கிறது. மறுமொழி கிடைக்காமலே தான் மட்டும் பேசி மகிழ்தல். கீக்குகளின் முதல் சந்திப்பு பல நேரம் எந்த இடத்தில் கெடுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான தொடர் எனக்குக் கிடைக்கவில்லை. ஈடுபாடு இங்கே குற்றவாளி இல்லை. கிரிக்கெட்டையோ அரசியலையோ பற்றி இப்படி விடாமல் பேசினாலும் அது கைக்கிளைதான்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். எதிரில் இருப்பவரிடம் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கூசாமல் சொல்லிக்கொள்ள முடியுமா என்பதையே உரைகல்லாகக் கொள்ளலாம். ‘மேதாவி’ என்பது அறிவைக் குறிக்கும், பற்றைக் குறிக்காது. தவிர, தன்னை மேதாவி என்று அறிமுகம் செய்துகொள்பவரோடு யாரும் இரண்டாம் முறை காபி குடிக்க மாட்டார்கள். ‘புத்தகப்புழு’ நூல்களோடு நின்றுவிடும். கல்லூரி வழக்கிலுள்ள ‘படிப்ஸ்’, ‘பழம்’ இரண்டும் நெர்டுக்கு நெருக்கமானவை. ‘ஆர்வலர்’ என்பது நாளிதழ்களில் சமூக ஆர்வலர், இயற்கை ஆர்வலர் என்று வழங்கி வழங்கி மனு கொடுப்பவரைப் போல ஆகிவிட்டது. அளவு தாண்டுதல் அதில் அறவே இல்லை. ‘வெறியர்’ என்பதில் அளவு தாண்டுகிறது, கூடவே அச்சமும் வருகிறது. ‘கிறுக்கர்’ டச்சு வேருக்கு மிக அருகில் இருந்தாலும், நெருங்கியவர்கள் செல்லமாகச் சொல்லலாமே தவிர முன்பின் அறியாதவரிடம் எடுத்துச் சொல்ல இயலாது.

எஞ்சுவன பைத்தியமும் பித்தும். இரண்டும் உடலில் பித்தம் மிகுந்தால் மனம் கலங்கும் என்ற பழைய மருத்துவக் கருத்தை ஒட்டிப் பிறந்தவை. வடமொழித் தொடர்புடையவை என்று சிலர் தள்ளக்கூடும் எனினும், தேவாரத்தில் ஊறிய சொல்லை அயல் என்பதற்கு எனக்கு மனமில்லை. சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க ஓலையோடு வந்த முதியவரைப் ‘பித்தனோ மறையோன்’ என்று அவர் இகழ்ந்ததையும், வந்தவர் இறைவனென்று தெரிந்தபின் அந்த இகழ்ச்சியையே முதற்சொல்லாக்கிப் ‘பித்தா பிறைசூடீ’ என்று திருவெண்ணெய்நல்லூரில் பாடியதையும் பெரியபுராணம் சொல்கிறது. வசையாக வந்து பெருமையாக ஏறிய சொல் என்ற வகையில் கீக்குக்கு இதைவிடப் பொருத்தமான இணை இல்லை.

ஆகவே ஆளைக் குறிக்கையில் ரயில் பித்தர், வானியல் பித்தர், படக்கதைப் பித்தர் என எழுதலாம். ‘பித்தர்’ பலர்பால் வடிவமாதலால் ஆண், பெண் இருவருக்கும் ஒரே சொல் போதும். பேச்சில் ‘எனக்கு மலை ரயில் என்றால் பித்து’ என்றோ ‘பைத்தியம்’ என்றோ சொன்னால் கேட்பவருக்கு உடனே விளங்கும், சொல்பவருக்கும் கூச்சமிராது. எதன்மேல் பித்து என்பதை எப்போதும் முன்னே சேர்த்தே எழுத வேண்டும். வெறுமனே ‘அவர் ஒரு பித்தர்’ என்றால் பழைய மருத்துவப் பொருளே முந்திக்கொள்ளும்.