மனசைக் கல்லாக்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள்

தேனி மாவட்டத்திலிருந்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடியுமுன் ஜீப்பேறி, எல்லை தாண்டிக் கேரளத்தின் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வரும் குடும்பங்களில், துன்பம் வந்தவரின் காதில் முதலில் விழும் வார்த்தை "மனசைக் கல்லாக்கிக்கோ" என்பதுதான். மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் அதைச் செய்து பார்த்துவிட்டு வந்தவர்கள். அழுகை நின்றிருக்கும். கூடவே தூக்கமும் போயிருக்கும். நெஞ்சு படபடக்கும், சின்னப் பிள்ளை தம்ளரைத் தட்டிவிட்டாலும் கை ஓங்கும். அடக்கிய உணர்ச்சி வேறு வாசல் வழியாக வெளியே வரும், அவ்வளவுதான்.

மன உறுதியைப் போதித்த பழங்கால கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபான ஸ்டோயிக் அறிஞர்களின் பெயரைச் சொல்லியும் இதே அறிவுரை இப்போது கைபேசியில் சுற்றுகிறது. அவர்கள் சொன்னது வேறு.

இரண்டாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் ஒரு கடல் பயணத்தைப் பதிவு செய்திருக்கிறார். இரவெல்லாம் புயல். கப்பலில் இருந்த பேர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியரின் முகமும் மற்றவர்களைப் போலவே வெளுத்துப்போனது. கடல் அடங்கியதும் ஒரு பணக்காரப் பயணி, "தத்துவம் பேசுகிற உமக்கும் பயமா?" என்று கேலி செய்தார். பின்னர் கெல்லியஸ் தனியாக விசாரித்தபோது, ஆசிரியர், ஸ்டோயிக் அறிஞர் எபிக்டெட்டஸின் நூலை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது இதுதான்: முகம் வெளுப்பதும் உடல் நடுங்குவதும் யாருக்கும் தானாக வரும். அவை நம் அனுமதி கேட்டு வருவதில்லை. 'ஐயோ, எல்லாம் முடிந்தது' என்ற எண்ணத்துக்கு அறிவு தலையாட்டுகிறதா என்பதில்தான் ஞானிக்கும் மற்றவருக்கும் வித்தியாசம். அடைமழை இரவில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் மண் சரியும் சத்தம் கேட்டு வயிறு கலங்கினால் அது கோழைத்தனம் அல்ல. அந்தக் கலக்கத்தோடேயே எழுந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவதுதான் துணிவு.

ஆகவே முதல் பயிற்சி, அந்தத் தலையாட்டலைத் தள்ளிப்போடுவது. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள்; ஐந்து நிமிடம் போதும். மூச்சை வெளிவிடும் நேரம் நீண்டால் இதயத்துடிப்பு தணியும். பிறகு நடந்ததை, நிறம் பூசாமல், ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "கங்காணி எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கிட்டார்" என்பது தீர்ப்பு. "கூடையில் பிஞ்சுக்காய் கலந்திருக்கிறது என்று சத்தமாகச் சொன்னார்" என்பது நடந்தது. ஸ்டோயிக்கான ரோமானியப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் தன் குறிப்புகளில் இதைத்தான் செய்தார்: தான் உடுத்திய அரச அங்கியையே 'சிப்பியின் ரத்தத்தில் தோய்த்த ஆட்டு ரோமம்' என்று எழுதிவைத்தார். பலர் இங்கே சறுக்குவது, தீர்ப்பையே நிகழ்ச்சி என்று எழுதிவிடுவதில். கைபேசியில் படம் பிடித்திருந்தால் அதில் தெரியக்கூடியதை மட்டும் எழுதினால் அந்தத் தவறு வராது.

அடுத்தது, என் கையில் இருப்பது, இல்லாதது என்று பிரிப்பது. எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமுற்றவர். அவருடைய கையேடு இந்தப் பிரிவினையோடுதான் தொடங்குகிறது. ஏலக்காய் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. உச்ச விலையை நம்பிக் குத்தகை எடுத்துக் கடனில் மாட்டியவர்களுக்கு 'விலை உன் கையில் இல்லை' என்று மட்டும் சொன்னால் கோபம்தான் வரும், அது நியாயமும்கூட. அதனால் தாளில் இரண்டு பத்தி போதாது, மூன்று போடுங்கள். நம் கையில் இல்லாத விலையும் மழையும் முதல் பத்தி. கடன்காரரிடம் தவணை கேட்பது, நகை ஏல நோட்டீஸ் வருமுன் வங்கிக்குப் போவது, வீட்டில் உண்மைத் தொகையைச் சொல்வது என நம் கையில் இருப்பவை இரண்டாவது. மூன்றாவது, பாதி நம் கையில் இருப்பது: விளைச்சல், மகனின் படிப்பு, கணவரின் குடிப்பழக்கம். இந்த மூன்றாவதற்கு ஸ்டோயிக்குகள் வில்லாளியை உவமை சொன்னார்கள். குறி பார்ப்பது, நாண் இழுப்பது அவன் வேலை. அம்பு விட்டபின் காற்று அடித்தால் அவன் பிழையில்லை. 'மகன் பாஸாக வேண்டும்' என்பதை 'தினம் இரவு ஒரு மணிநேரம் டிவியை அணைத்துவைப்பேன்' என்று மாற்றி எழுதுவதுதான் அந்தப் பத்தியில் செய்ய வேண்டியது.

வரப்போகும் கெடுதியை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. அதிகம் கெட்டுப்போவது இதுதான். பகலில், உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் செய்ய வேண்டும். 'அப்படி நடந்தால் முதலில் என்ன செய்வேன்' என்ற செயலில் முடிய வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், ஒரு வார மாத்திரை, டார்ச் ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவருகே மாட்டினால் பயிற்சி முடிந்தது. படுக்கையில் செய்தாலோ, செயலில் முடிக்காமல் விட்டாலோ அது வெறும் கவலை, விடியும்வரை அரைக்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடி நிலச்சரிவில் எழுபது பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அப்படி ஒன்றை நேரில் கண்டு, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறவருக்கு இந்தப் பயிற்சியைத் தரவே கூடாது.

இரவில் செய்யச் சொன்னது வேறு. விளக்கை எடுத்துவிட்டு, மனைவியும் பேசாமல் அடங்கியபின், அன்றைய நாளைத் தனக்குள் விசாரிப்பேன் என்று ரோமானிய ஸ்டோயிக் செனெகா எழுதுகிறார். எங்கே தவறினேன் என்று பார்த்துவிட்டு, 'இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன்' என்று தனக்கே சொல்லிக்கொள்வார். நம்மவர்கள் விசாரணையை மட்டும் எடுத்துக்கொண்டு மன்னிப்பை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அது தினமும் தன்னைத் தானே திட்டும் வேலையாகிறது. செனெகா சொன்ன இன்னொன்று, சில நாள் வேண்டுமென்றே எளிய உணவும் முரட்டுத் துணியுமாக இருந்து பழகுவது. ரோமானியச் செல்வந்தர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். வாரக்கூலியில் வாழ்கிறவருக்கு எதற்கு? சர்க்கரை நோயாளிக்கு ஆபத்தும்கூட.

பொறுமை, பொறுமை என்று இந்தத் தத்துவத்தைப் பெண்களிடம் மட்டும் போதிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. துணிவு என்பது நியாயத்துக்காகப் போராடும் அறம் என்று ஸ்டோயிக்குகள் வரையறுத்ததை ரோமானிய எழுத்தாளர் சிசெரோ பதிந்திருக்கிறார். 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்ததற்கு எதிராக மூணாறில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு, கட்சித் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்து 20 சதவீதத்தைப் பெற்றார்கள். அடிக்கிற கணவரைச் சகித்துக்கொள்வது 'கையில் இல்லாதது' என்ற பத்தியில் வராது. பெண்கள் உதவி எண்ணான 181க்குப் போன் செய்வது இரண்டாவது பத்தி.

சாவு வீட்டில் இதையெல்லாம் எடுக்கவே வேண்டாம். துக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து புலம்பவும் தயங்காதே, உள்ளே மட்டும் உடைந்துவிடாதே என்றுதான் எபிக்டெட்டஸே சொல்கிறார். முதல் நாட்களில் தேவை தண்ணீர், போர்வை, காணாமல் போனவர் பற்றிய சரியான தகவல், பக்கத்தில் உட்கார ஒரு ஆள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடந்தால், பிடித்ததிலும் நாட்டம் போனால், தூக்கமும் பசியும் மாறினால், தாளும் பேனாவும் போதாது, மருத்துவர் வேண்டும். சாகத் தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே, தனியே விடாமல் கூட்டிப்போக வேண்டும். குடியிருப்பும் பூச்சிமருந்து வைத்த அறையும் ஒரே வளவில் இருக்கும் தோட்டங்களில் அந்த அறையின் சாவி வேறொருவரிடம் போய்விட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056 எண்களும் உண்டு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே மாத்திரை தொடங்கியவர்கள் மேலே லயத்தில் தங்கிவிட்டு, தீர்ந்ததும் 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்திவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பத்து நாள் மாத்திரை மீதமிருக்கும்போதே கீழே இறங்கும் ஜீப்பில் இடம் சொல்லிவையுங்கள்.